ஜெனரேட்டர் ஓடியதா?

மான்டிசெல்லோ, கென்டக்கி
ஏப்ரல் 14, 2002

அன்புத் தங்கை லொரீனாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காது மட்டும் போன வருஷத்தைவிட இன்னும் இறுக்கமாகச் சாத்திக்கொண்டுவிட்டது. கான்ராடின் முதுகுவலி தேவலையா? டுலூத்தில் பனி உருகத் தொடங்கிவிட்டதா? போனை எடுத்து இரண்டு வார்த்தை கேட்க முடியாத பிறவி நான். அதனால் எல்லாவற்றையும் எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நேற்று ஏரிக்குப் போய் அப்பாவின் படகு வீட்டைத் திறந்தோம். நானும், தம்பி கார்லண்டும், அவன் பெண்டாட்டி டெல்ஃபியாவும். கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் காலையில் சாப்பிட்டது தொண்டைவரை வந்து போயிற்று. கம்பளம் முழுக்கப் பூசணம். ஐஸ் பெட்டிக்குள் போன செப்டம்பரில் கார்லண்ட் வைத்து மறந்த தூண்டில் புழு டப்பா. அதை அவன் விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, அதே கையால் சாண்ட்விச் எடுத்துத் தின்றான். டெல்ஃபியா பாவம், மண்டி போட்டு மத்தியானம் வரை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏரிக்கரைப் படகுத்துறையில் படகுக்காரர்களைக் கூட்டி ஒரு அதிகாரி பேசினார். குளிர்சாதனத்துக்காக ஓட்டுகிற ஜெனரேட்டர் இருக்கிறதே, அதன் புகை படகின் பின்மேடைக்கு அடியில்தான் வெளியேறுகிறது. குளிக்க இறங்குகிறவர்கள் உட்காருகிற அதே மேடை. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை வலிக்கும், தூக்கம் வரும், வெயில் பட்டதால்தான் என்று நினைத்துக்கொண்டே ஆள் தண்ணீருக்குள் சரிந்துவிடுவானாம். உள்ளே தூங்குகிறவர்களையும் அது விடாது. ஒவ்வொரு படுக்கை அறையிலும் ஒரு எச்சரிக்கைக் கருவி வையுங்கள் என்றார்.

அவர் வாயையே பார்த்து இதையெல்லாம் படித்துக்கொண்டு கார்லண்டிடம் சொன்னேன். அவன் என் முகத்துக்கு நேரே வந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் வாயை அகட்டி அகட்டிச் சொன்னான்: "அலாரம் அடிச்சா உனக்குக் கேக்கவா போகுது? செவிடி காதுல சங்கு ஊதறதுக்கு நான் செலவு பண்ணணுமா?"

துறையே சிரித்தது. டெல்ஃபியா மட்டும் சிரிக்கவில்லை.

படகை அப்பா நம் மூன்று பேருக்கும் எழுதிவைத்தார். உன் சம்மதம் வேண்டும். வீட்டுக்கு விற்கிற சாதாரணக் கருவி படகின் ஈரத்துக்கும் அதிர்வுக்கும் தாங்காதாம். படகுக்கென்றே செய்தது தேவை. அதிலும் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணில் காட்டுகிற, விளக்கு மின்னுகிற வகை ஒன்று உண்டு. நான் அதைத்தான் கேட்கிறேன். பின் அறையில் படுப்பவள் நான்.

கான்ராடுக்கு என் அன்பு.
உன் அக்கா,
ட்வைலா


டுலூத், மினசோட்டா
ஏப்ரல் 29, 2002

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றுதான் எங்கள் முற்றத்தில் முதல் புல் கண்ணில் பட்டது. இருவரும் சுகம். கான்ராட் முதுகுக்குப் புதிதாக ஒரு நாற்காலி வாங்கி, அதில் உட்காராமல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்.

புழு டப்பாவைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். அண்ணன் மாறவே மாட்டார்.

கருவி விஷயம் உன் இஷ்டம், அண்ணன் இஷ்டம். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நான் என்ன சொல்வது? அவரும் போனில் பேசினார். வாடகைக்குப் படகு விடுகிற ஒருவர் இலையுதிர் காலத்தில் நம் படகை வாங்கிக்கொள்ளத் தயாராம். அப்படியானால் இந்த ஒரு கோடைக்குத்தானே, இதற்கென்ன பெரிய செலவும் சண்டையும்?

ஜூலை நான்காம் தேதிக் கொண்டாட்டத்துக்கு நான் மட்டும் வருகிறேன். எல்லாரும் சேர்ந்து படகில் இருப்போம், சரியா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் லொரீனா


மான்டிசெல்லோ
மே 20, 2002

அன்புள்ள லொரீனா,

இங்கே வெயில் ஏறிவிட்டது, நான் நலம்தான். நீ ஜூலையில் வருவது சந்தோஷம். உன் படுக்கைக்குப் புது விரிப்பு தைத்து வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன் கருவி வாங்கிவிட்டான். எங்கே தெரியுமா? யாரோ வீட்டைக் காலி செய்து தெருவில் பரப்பிய பழைய சாமான்களில் இருந்து. பல் தேய்க்காதவன் பல்போல மஞ்சளாகிக் கிடக்கிறது. பின்னால் திருப்பிப் பார்த்தேன். மாற்ற வேண்டிய வருஷம் அச்சடித்திருக்கிறது, அது தாண்டிப்போய் நாளாயிற்று. அதைக் கொண்டுபோய் எங்கே ஒட்டினான் என்கிறாய்? படுக்கை அறையில் இல்லை. சமையல் அடுப்புக்கு மேலே! அவன் கெளுத்தி மீன் பொரிக்கும்போதெல்லாம் எண்ணெய்ப் புகை அதன் மூக்கில் ஏறுகிறது. பிசுக்கு வழிகிறது. தொட்டுவிட்டுக் கையை மூன்று தடவை கழுவினேன்.

"இதோ, உன் ஆசைக்கு வாங்கிட்டேன். இப்ப சந்தோஷமா மகாராணி?" என்றான்.

"இது செத்துப்போன சாமான்டா" என்றேன்.

"உயிரோட இருந்தா ஓயாம கத்தும். செத்ததுதான் நல்லது" என்று சொல்லிவிட்டு, மெல்லுகிற புகையிலைச் சாற்றைக் கோக் பாட்டிலுக்குள் துப்பினான். பாதி பாட்டில் நிறைந்திருந்தது. அதைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான், லொரீனா.

சரி என்று நானே கிளம்பி, படகுச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரப் பையன் நல்ல மாதிரி. எனக்குக் காது கேட்காது என்றதும் ஒரு அட்டையில் எழுதி எழுதிக் காட்டினான். உள்ளே வைக்கிற கருவி பின்மேடையில் இருப்பவர்களைக் காப்பாற்றாது, புகைக்குழாயையே வேறு பக்கம் திருப்பினால்தான் உத்தமம், அதுவரை ஜெனரேட்டர் ஓடும்போது யாரும் பின்னால் போகக் கூடாது என்று எழுதினான். எண்ணும் விளக்கும் உள்ள வகை கையிருப்பில் இல்லை. வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது.

அது வரும்வரை நான் அந்தப் படகில் காலை வைக்க மாட்டேன். நீ உன் அண்ணனிடம் பேசு. உன் பேச்சைத்தான் கேட்பான்.

அன்புடன்,
ட்வைலா


டுலூத்
ஜூன் 10, 2002

பிரியமுள்ள அக்கா,

எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை. இங்கே கொசு வந்துவிட்டது, மற்றபடி குறையில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, ஒரு விஷயம் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை கூடுகிறோம். அதிலும் நீ வர மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டால் எப்படி? காது போனதிலிருந்து உனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். அண்ணன் முரடர்தான், ஆனால் பெண்டாட்டியைக் கொல்லப் பார்க்கிறவரா?

பேசுகிறேன், அக்கா. கண்டிப்பாகப் பேசுகிறேன். மூன்றாம் தேதி இறங்கியதும் முதல் வேலை அதுதான். நீ வந்துவிடு.

உன்னைப் பார்க்கும் ஆவலுடன்,
லொரீனா


டுலூத்
ஜூலை 7, 2002

அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

உன் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ளாமல் திரும்பிவிட்டேன். மன்னித்துக்கொள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்த விஷயம் உன் காதுக்கு எட்டியிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. நான்காம் தேதி சாயங்காலம் தண்ணீரில் விழுந்துவிட்டார்கள். பக்கத்துப் படகில் இருந்த ஒருவர் குதித்துத் தூக்கினார். கொஞ்சம் தண்ணீர் குடித்திருந்தார்கள். நல்ல வெயில். நான் கொண்டுவந்திருந்த ஒயினில் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. பழக்கமில்லாத உடம்பு, அதுதான். அண்ணன் டாக்டரிடமும் அப்படித்தான் சொன்னார். ஆஸ்பத்திரிக்காரர்களும் ஆக்ஸிஜன் வைத்து, இரண்டு நாளில் அனுப்பிவிட்டார்கள்.

அண்ணியிடம் இதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்காதே. அவர்களுக்கு வெட்கமாக இருக்கும். குடும்ப விஷயம் குடும்பத்தோடு போகட்டும்.

நீ தைத்த விரிப்பு மிக அழகு.
லொரீனா


மான்டிசெல்லோ
ஜூலை 15, 2002

லொரீனா,

நான் நலம். நீயும் நலமாகவே இருப்பாய்.

டெல்ஃபியா குடித்தாளா? நம் டெல்ஃபியாவா? சபையில் திருவிருந்துக்குக் கொடுக்கிற திராட்சைச் சாறு கொஞ்சம் புளித்திருந்தால்கூடக் கிண்ணத்தைத் திருப்பி வைக்கிறவள். தன் தகப்பன் குடித்துக் குடித்து வாந்தி எடுத்ததைப் பத்து வயதிலிருந்து துடைத்து வளர்ந்தவள். அந்த வாசனை வந்தால் அறையை விட்டே போய்விடுவாள். அவள் உன் ஒயினைக் குடித்தாள் என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது?

அவளைப் பார்க்கப் போனேன். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு அவரைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கை நடுங்குகிறது. உப்பைக் காட்டிச் சர்க்கரை என்கிறாள். அன்று மத்தியானம் முதல் ஆஸ்பத்திரியில் கண் விழித்தது வரை ஒன்றும் நினைவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, நான் உதட்டைப் படிக்க முடிகிற மாதிரி சொன்னாள்: "அக்கா, நான் குடிச்சிட்டேனாம். எனக்கு ஞாபகமே இல்ல. எங்கப்பா ரத்தம்தான் எனக்குள்ள ஓடுதுன்னு தெரிஞ்சிபோச்சு."

பின்னால் கார்லண்ட் நின்று பீச் பழ அப்பம் தின்றுகொண்டிருந்தான். அவள் பேசும்போது தலையை ஆட்டி ஆட்டித் தின்றான். "விடுடி, யாருக்கும் நடக்கறதுதான்" என்றான். மோவாயில் பழச்சாறு வடிந்தது.

நீ ஒயின் கொண்டுபோனது உண்மையாக இருக்கலாம். அவள் விழுந்ததும் உண்மை. நான் கேட்பது இரண்டே கேள்வி. ஜெனரேட்டர் ஓடியதா? அடுப்புக்கு மேலே இருந்த அந்தக் கருவி கத்தியதா?

பதில் எழுது.
ட்வைலா


டுலூத்
ஆகஸ்ட் 12, 2002

பிரியமுள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கான்ராடின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். பிறகு ஜாம் காய்ச்சும் வேலை. இந்த வருஷம் ப்ளூபெர்ரி அப்படிக் காய்த்திருக்கிறது, காட்டில் குனிந்தால் நிமிர முடியவில்லை. உனக்கு இரண்டு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.

அண்ணி எழுந்து நடமாடுவதாக அண்ணன் சொன்னார். கேட்டு மனது லேசாயிற்று. காலம் எல்லாவற்றையும் ஆற்றும். படகு விற்பனைப் பத்திரம் செப்டம்பரில் தயாராகுமாம். உனக்கும் அனுப்புவார்கள்.

வெயிலில் அலையாதே. தண்ணீர் நிறையக் குடி.
லொரீனா


மான்டிசெல்லோ
ஆகஸ்ட் 27, 2002

லொரீனா,

உன் ப்ளூபெர்ரி நன்றாகக் காய்த்ததில் சந்தோஷம். என் இரண்டு கேள்விக்கும் அதில் பதில் இல்லை. பரவாயில்லை, பதில் வேறு வழியில் கிடைத்துவிட்டது. நிதானமாக உட்கார்ந்து படி.

பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டு முடிந்ததும் டெல்ஃபியா எழுந்து முன்னால் போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நான் நான்காவது பெஞ்சில் இருந்தேன். முகம் நன்றாகத் தெரிந்தது. எல்லாரும் காதால் கேட்டார்கள், நான் அவள் உதட்டிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்து எடுத்தேன். "நான் குடிச்சேன். குடிச்சு விழுந்தேன். ஒரு மனுஷன் என்னைக் காப்பாத்தத் தன் உயிரப் பணயம் வச்சான். கர்த்தரும் நீங்களும் என்னை மன்னிக்கணும்." போதகர் ஹாலிஸ் அவள் தலையில் கைவைத்தார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்டுவிட்டுத் திரும்பிப் போகும்போது ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதையும் நான் பார்த்தேன். காது போனவளுக்குக் கண்ணில் எதுவும் தப்பாது.

திரும்பி வந்து உட்கார்ந்து அழுதாள். கார்லண்ட் தன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான். மடித்து இஸ்திரி போட்ட கைக்குட்டை. இஸ்திரி போட்டவளும் அவள்தான்.

நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். ஆனால் கையில் ஆதாரம் எதுவும் இல்லாமல், நான் எவ்வளவு உரக்கப் பேசுகிறேன் என்று எனக்கே தெரியாத ஒரு குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? செவிட்டுக் கிழவி உளறுகிறாள் என்று முடித்துவிடுவார்கள்.

அந்த வாரத்திலேயே கடைக்காரப் பையன் சீட்டு அனுப்பினான். நான் கேட்ட கருவி வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு நேராக டெல்ஃபியாவிடம் போனேன். "வா, ஏரிக்குப் போகலாம்" என்றேன்.

"படகுக்கா? நான் வரல, அக்கா. அதப் பாத்தாலே அவமானமா இருக்கு."

"படகுல ஏற வேண்டாம். கரையில நின்னா போதும்."

வந்தாள். காற்றே இல்லாத மத்தியானம், தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. நான் மட்டும் ஏறி ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு, குளிர்சாதனத்தையும் ஓடவிட்டு இறங்கி வந்தேன். கருவியை அப்பாவின் நீளத் தூண்டில் கழியின் நுனியில் கட்டி, துறையின் பலகைமேல் தள்ளி நின்றுகொண்டு, பின்மேடைமேல் நீட்டிப் பிடித்தோம். அவள் அன்று கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்த அதே இடம்.

முதலில் பூஜ்யம் காட்டியது. டெல்ஃபியா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு எண் ஏறத் தொடங்கியது. நூறு, இருநூறு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்நூறைத் தாண்டியது. அவள் கழியை என் கையிலிருந்து வாங்கி இந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தாள், இறங்கியது. திரும்ப நீட்டினாள், ஏறியது. நான்கு ஐந்து தடவை அப்படிச் செய்தாள். குழந்தை விளக்குச் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்குமே, அதுபோல.

"இது என்னக்கா?" என்றாள்.

"நீ குடிச்சது இதத்தான்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு மின்னியது. அது கத்தவும் ஆரம்பித்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. டெல்ஃபியா கழியைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன். சுண்ணாம்பாக வெளுத்தது.

"இந்தச் சத்தம்" என்றாள். "அக்கா, இதே சத்தம். அன்னிக்கு உள்ள கத்திக்கிட்டே இருந்துச்சு. மீனு பொரிச்சு முடிச்ச பிறகும் நிக்கல. லொரீனா தலைய பிடிச்சுக்கிட்டு, 'ஐயோ, யாராவது அந்தச் சனியன நிறுத்துங்களேன்'னு... நான்தான் சொன்னேன், 'அக்கா சொன்னாங்களே, அது கத்தினா வெளிய போகணும்னு.' சொல்லிட்டுக் காத்துக்காகப் பின்னால போய் உக்காந்தேன். காத்துக்காகத்தான் போனேன்!"

அந்த நேரம் பார்த்துக் கார்லண்ட் வந்தான். துறையில் யாரோ போன் செய்து சொல்லியிருப்பார்கள். கன்னத்தில் புகையிலை, கையில் அதே கோக் பாட்டில்.

"யாரக் கேட்டு ஜெனரேட்டரப் போட்டீங்க?"

நான் கருவியை எடுத்து அவன் மூக்குக்கு நேரே காட்டினேன். "படிடா. எழுத்துக் கூட்டத் தெரியாட்டாலும் எண்ணு தெரியுமில்ல?"

அவன் அதைப் பார்க்கவே இல்லை. தண்ணீரைப் பார்த்தான். டெல்ஃபியா கேட்டாள்: "அன்னிக்கு அலாரம் அடிச்சுதா, இல்லையா? ஒரே வார்த்தை சொல்லு."

"பழைய சாமான்டி அது. எதுக்கெடுத்தாலும் கத்தும்."

"யாரு நிறுத்தினா?"

"என்னைய ஏன் பாக்கற? நான் தொடவே இல்ல. லொரீனாதான் தலைவலி தாங்கலன்னு பேட்டரியப் புடுங்கிட்டு, டவல்ல சுத்தி மெத்தைக்கு அடியில வச்சா. அவளுக்குத்தான் முதல்ல பயம் வந்துச்சு. 'நாம மாட்டிக்குவோம் அண்ணே, குடிச்சிட்டான்னு சொல்லிடுவோம்'ன்னது அவதான். விக்கிற நேரத்துல வாயுன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? நீ உயிரோடதான இருக்கற? அப்புறம் என்ன?"

இதைச் சொல்லிவிட்டுப் பாட்டிலில் துப்பினான்.

டெல்ஃபியா சத்தம் போட்டிருப்பாள் என்று நினைக்காதே. அவள் உதடு கொஞ்சமாகத்தான் அசைந்தது. "சபையில நான் அழுதப்ப, கைக்குட்டை குடுத்தியே" என்றாள். "எப்படிக் கை வந்துச்சு?"

அவன் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அவளை நான் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

லொரீனா, மெத்தைக்கு அடியில் நீ வைத்ததை என்னால் மன்னிக்க முடியும். தலைவலியும் அந்த வாயுவின் வேலைதான், நீயும் அதில்தான் மயங்கிக்கிடந்திருக்கிறாய். மயக்கம் தெளிந்த பிறகு, குளித்து, உடை மாற்றி, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாயே, அதை நினைத்தால்தான் எனக்கு உன் கையெழுத்தைப் பார்க்கவே கூசுகிறது.

கான்ராடை விசாரித்ததாகச் சொல்.
ட்வைலா


டுலூத்
செப்டம்பர் 16, 2002

அக்கா,

நீ சுகமா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

அண்ணன் தன் பழியையும் சேர்த்து என் தலையில் போடுகிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. "கேட்டா என்ன சொல்றது?" என்றுதான் கேட்டேன். மற்றதெல்லாம் அவர் சொன்னது. டாக்டர் என்னைப் பார்த்தபோது நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். அந்த நேரத்தில் நீ இருந்திருந்தால் உனக்கும் தெரிந்திருக்கும். அண்ணியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள், உதடெல்லாம் செக்கச்செவேல் என்றிருந்தது, அண்ணன் என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். நான் பயந்துபோனேன்.

அவர்கள் பிழைத்துவிட்டார்களே, அக்கா. அதற்காகவாவது கடவுளுக்கு நன்றி சொல்லக் கூடாதா? சபையில் மன்னிப்புக் கேட்பார்கள் என்று யார் கண்டது? கான்ராடுக்கு எதுவும் தெரியாது. தயவுசெய்து அவர் பெயருக்கு எழுதிவிடாதே.

லொரீனா


மான்டிசெல்லோ
நவம்பர் 24, 2002

லொரீனா,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு இரண்டு மாதம் போய்விட்டது. நான் எழுதாததற்குக் காரணம் உடம்பு அல்ல. உடம்பு நன்றாகவே இருக்கிறது. பேனாவை எடுத்தால் கசப்பு வாய்வரை ஏறுகிறது. இப்போதும் அப்படித்தான், ஆனாலும் நடந்ததை நீ என் மூலம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டெல்ஃபியா அக்டோபரில் மறுபடி சபைக்கு முன்னால் போய் நின்றாள். இந்தத் தடவை ஒரு கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "நான் இங்க நின்னு ஒரு பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். எல்லாரும் மன்னிச்சீங்க. அந்தப் பாவத்த நான் பண்ணல. நான் ஒரு சொட்டும் குடிக்கல. படகுப் புகைதான் என்னைத் தள்ளுச்சு. அது தெரிஞ்சே என்கிட்ட மறைச்சாங்க. உங்க மன்னிப்ப நீங்களே திருப்பி வாங்கிக்கோங்க, எனக்கு அது வேண்டாம்."

ஹாலிஸ், "சரிம்மா, சரி, போய் உக்காரு" என்றார். "உக்கார மாட்டேன்" என்றாள். "அன்னிக்குக் கட்டிப்பிடிச்சவங்க எல்லாரும் என் முகத்தப் பாக்கணும்." ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிலர் குனிந்துகொண்டார்கள். கார்லண்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

படகை வாங்க வந்தவனிடமும் நாங்கள் இருவரும் போனோம். புகை எங்கே வெளியேறுகிறது என்று காட்டினோம், எண்ணைக் காட்டினோம். அந்த மனிதன் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான்: "எல்லாப் படகும் அப்படித்தாம்மா. வாடகைக்கு வர்றவங்க யாரும் கேக்கறதில்ல. பிள்ளைங்க பின்னாலதான் குதிச்சு விளையாடும், என்ன பண்றது?" அவன் கையை என் முன் நீட்டினான், குலுக்க. நான் என் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். விற்பனைக்கு மூன்று பேர் கையெழுத்தும் வேண்டும். உங்கள் இருவர் கையெழுத்தும் முன்பே இருந்தது. நான் போடவில்லை, போடவும் மாட்டேன். படகை இழுத்துக் கரையில் போட்டு ஜெனரேட்டரைக் கழற்ற வைத்துவிட்டேன். கார்லண்ட் என்னோடு பேசுவதில்லை. பேசினாலும் எனக்குக் கேட்கப் போவதில்லை.

டெல்ஃபியாவின் கை இன்னும் நடுங்குகிறது. சில சொற்கள் இன்னும் அவளுக்கு இடம் மாறி வருகின்றன. டாக்டர் இதற்குமேல் சொல்வதற்கில்லை என்கிறார். இப்போது அவருக்கு உண்மை தெரியும், நான்தான் போய்ச் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருந்தா வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேனே, காத்தழுத்தம் கூட்டின அறையில வச்சு ஆக்ஸிஜன் குடுத்திருக்கலாமே" என்றார். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டு வாழ வேண்டும்.

போன வாரம் உன் பார்சல் வந்தது. கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த கருவி. எண், விளக்கு, அதோடு தூங்குகிறவளை உலுக்கி எழுப்பத் தலையணைக்கு அடியில் வைக்கிற அதிரும் தட்டு. பெட்டியைத் திறந்து பஞ்சையெல்லாம் உதறிப் பார்த்தேன், உன் கையால் ஒரு துண்டுச் சீட்டாவது இருக்குமா என்று. உத்தரவாத அட்டை மட்டும் இருந்தது. பெட்டியோடு குப்பையில் எறியப் போனேன். டெல்ஃபியா வாங்கிக்கொண்டாள். "இது என்ன பண்ணுச்சு பாவம்?" என்றாள். அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய், அன்று குதித்து அவளைத் தூக்கினவரின் படகில், அவர் பிள்ளைகள் படுக்கிற அறையில் தன் கையாலேயே மாட்டிவிட்டு வந்தாள். திருகாணியைப் பிடிக்க முடியாமல் மூன்று தடவை கீழே போட்டாளாம்.

எனக்கு உன்னிடமிருந்து எதுவும் வேண்டாம். பார்சலும் வேண்டாம், ஜாமும் வேண்டாம், என் உடம்பைப் பற்றிய விசாரணையும் வேண்டாம். டெல்ஃபியாவுக்கு ஒரு கடிதம் எழுது. என்ன நடந்தது என்று உள்ளது உள்ளபடி. அந்தச் சத்தத்தைத் தவிர அன்றைய மத்தியானத்தில் வேறெதுவும் அவளுக்கு இன்னும் திரும்பி வரவில்லை. அதைப் பார்த்த இரண்டு பேரில் ஒருவன் சொல்ல மாட்டான்.

அவள் பெயர் போட்டு, என் விலாசத்துக்கே அனுப்பு. இனி அவளுக்கும் இதுதான் விலாசம்.

ட்வைலா